கழித்துவிட்ட ஒரு லட்சம்

வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சாதனைகளை எழுதுங்கள் மேடம், படிக்கிற பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார்கள். போடிநாயக்கனூர்க் கிளையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உற்சாகம் ஊட்டுகிற மாதிரி யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. எரிச்சல் மட்டும் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களுக்கும் எரிச்சல் வந்தால் சந்தோஷம், இந்த வேலைக்கு அது தேவைப்படும்.

முதலில் ஓ.டி. பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் 'மிகைப்பற்று' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சொல்லை ஒரு வாடிக்கையாளர் வாயால் கூட நான் கேட்டதில்லை. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததற்கு மாதாமாதம் வட்டி. விஷயம் அவ்வளவுதான். சிக்கல் அந்த 'மாதாமாதம்' என்பதில் இருக்கிறது. மேலே மலையில் ஏலக்காய் மாதாமாதம் காய்க்காது. ஆவணி வாக்கில் தொடங்கித் தை மாசி வரை சுற்றுச் சுற்றாகக் காய் எடுப்பார்கள். அப்போது கணக்கில் பணம் புரளும். பங்குனி சித்திரையில் எல்லாம் ஈ ஓட்டும், வட்டி மட்டும் தன் பாட்டுக்கு ஏறும். மூன்று மாதம் கணக்கில் வரவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் அதை வாராக்கடன் என்று குறித்துவிடும். அது அந்த ஆளின் கடன் வரலாற்றில் ஏறிவிடும். அதன் பிறகு நாட்டில் எந்த வங்கிக்குப் போனாலும், இவர் பெயரைத் தட்டியதும் அந்தக் கறைதான் முதலில் தெரியும்.

"லிமிட்டுக்குள்ளதானம்மா இருக்கேன், நா எங்க கூட எடுத்தேன்" என்று ஆள் வந்து நிற்பார். ஒவ்வொரு தை மாதமும் நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லுவேன். எடுப்புக் காசு கையில் இருக்கும்போதே கோடைக்கான வட்டியை ஒதுக்கிக் கணக்கில் போட்டு வையுங்கள் என்பேன். தலையாட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டிவிட்டு நேரே போய் ஜீப்புக்காரர் பாக்கி, உரக்கடைப் பாக்கி, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று என்று, தெருவில் எதிரே வரக்கூடியவர்களுக்கெல்லாம் முதலில் கொடுப்பார்கள். வங்கி தெருவில் எதிரே வராது. அதனால் அதற்குக் கடைசி இடம்.

வீரணனும் அப்படிப்பட்டவர்தான். சிலமலைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை ஏலக்காய் வாங்கி, காயவைத்துக் கொண்டுவந்து போடியில் விற்றுக்கொண்டிருந்தார். அதற்காக எங்கள் கிளையில் ஓ.டி. வைத்திருந்தார். ஒரு வருடம் அடைமழையில் சரக்கு கறுத்துவிட்டது, விலையும் விழுந்தது. ஓ.டி. படுத்தது. வட்டியோடு மூன்று லட்சம் பாக்கி நின்றது.

அவர் ஓடி ஒளியவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், தோமாச்சன் என்பவரிடம் மூன்று ஏக்கர் காட்டைக் குத்தகைக்குப் பிடித்தார். அவரும் அவர் மனைவி பாண்டியம்மாவும் தினம் காலையில் ஜீப்பில் மெட்டு ஏறிப்போய், புதர் வெட்டி, குழி எடுத்து, ஏலச் செடி வைத்தார்கள். ஏலம் வைத்த உடனே காய்த்துவிடாது. மூன்று வருடம் களை எடுத்து, நிழல் பார்த்து, மருந்தடித்துக் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடமும் மற்றவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டே இவர்கள் பழைய கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். ஓ.டி.யிலும் அவ்வப்போது ஐந்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டினார், அது ஏறுகிற வட்டிக்கே சரியாகப் போனது, மூன்று லட்சம் அப்படியே நின்றது.

தோமாச்சனோடு ஒப்பந்தம் இப்படி. செடி வளரும்வரை குறைந்த குத்தகை. காய்க்கத் தொடங்கியதும் பெரிய குத்தகை, ஓ.டி. பாக்கியை விடவே கூடுதல், அதையும் மொத்தமாக முன்னால் கொடுக்க வேண்டும். முதல் உரிமை வீரணனுக்கு, அந்த வருட ஆடி முடியும் வரை. அதற்குள் கொடுக்காவிட்டால் தோட்டத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடலாம். வைத்த செடிக்கு ஈடாகச் சல்லிக்காசு கிடையாது. அந்தப் பக்கம் பல இடங்களில் இதுதான் நடைமுறை.

ஆக வீரணனுக்குக் குத்தகைக் கடன் வேண்டும். மூன்றாம் வருட மாசியில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் தெளிவாகத்தான் சொன்னேன்.

"ஓ.டி. வாராக்கடனா நிக்கும்போது எந்த அதிகாரியும் உங்களுக்குப் புதுக்கடன் எழுத மாட்டாரு. மத்த பாக்கி எல்லாம் அப்புறம். மொதல்ல ஓ.டி.ய முழுசா அடைங்க. லேட்டாக் கட்டினாலும் முழுசாக் கட்டினாருன்னு பதிவாகும். அத வச்சு நான் எழுதுறேன், மேல பேசுறேன்."

"முழுசாவாம்மா?"

"முழுசா. ஒரு ரூவா பாக்கி வைக்காம."

தலையாட்டினார். இந்தத் தடவை வெறும் தலையாட்டல் இல்லை. சிலமலையில் அப்பா வழியில் வந்த அரை ஏக்கர் இருந்தது. அதை விற்றார். பங்குனிப் பாதியில் மூன்று லட்சமும் அவர் கையில் இருந்தது.

அந்த வாரம் பார்த்து எங்கள் வட்டார அலுவலகம் போடியில் ஒரு மண்டபத்தில் முகாம் போட்டது. வாராக்கடன் வைத்திருப்பவர்களை வரவழைத்து, ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, மிச்சத்தை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கிற முகாம். மார்ச்சில் வருடக் கணக்கு முடிவதற்குள் இத்தனை கணக்கு முடித்தோம் என்று காட்ட வேண்டுமல்லவா, அதற்காக. அன்று என்னை மதுரைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வாராக்கடனை எப்படி வசூலிப்பது என்று மேலாளர்களுக்கு ஒரு கூட்டம். நான் அங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, திரையில் போட்டுக் காட்டிய வசூல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிளைக்குள் நுழைந்தால் எல்லார் மேசையிலும் லட்டு. வீரணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றிருந்தார்.

"என்ன விசேஷம்?"

"ஓ.டி. முடிஞ்சிருச்சும்மா. ரெண்டு லட்சத்துலயே முடிச்சுக் கொடுத்துட்டாக. ஒரு லட்சத்தக் கழிச்சு விட்டாக."

"கழிச்சு விட்டாங்களா? நீங்க கேட்டீங்களா?"

"நா எங்கம்மா கேட்டேன். மூணையும் பையில வச்சுக்கிட்டுத்தான் போனேன். அந்த சாரு உக்கார வச்சு, டீ குடுத்து, ஒங்களால எம்புட்டு முடியும்னாரு. முழுசாக் கொண்டாந்திருக்கேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரே, ரெண்டு கட்டுங்க, மிச்சத்த பேங்க் விட்ரும்னுட்டாரு. பேங்க்கே ஒரு மருவாதி செய்யும்போது வேணாம்னா சொல்றது? போட்டோவெல்லாம் எடுத்தாகம்மா."

இந்த 'மருவாதி' என்ற சொல்லை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். போடி ஏலக்காய்க் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கடை முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள், காய் வந்ததும் கழிப்பார்கள். இழுத்துக்கொண்டே வந்த பழைய பாக்கியை ஒருவர் ஒரே தடவையாகக் கொண்டுவந்து வைத்தார் என்றால், முதலாளி எண்ணிப் பார்த்துவிட்டு, மேலே இருக்கும் நோட்டுக் கட்டை எடுத்து அவர் பக்கமே தள்ளுவார். 'இருக்கட்டும், பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க' என்பார். கடைக்காப்பி வரும். அன்றைக்கே மஞ்சள் தடவிப் புதுக் கணக்கு எழுதுவார்கள். அடுத்த வருடம் முன்பணம் கேட்காமலே வரும். எவ்வளவு கழித்துவிட்டார் என்பதை வாங்கியவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார். கழித்துவிடவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், முதலாளிக்கு மனத்தாங்கல் என்று பொருள்.

வீரணனுக்கு மண்டபத்தில் நடந்தது அதுதான். டீ வந்தது, கழித்துவிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். இனிமேல் புதுக் கணக்கு. குத்தகைக் கடன் கேட்காமலே வரும்.

அவரை உட்கார வைத்தேன். லட்டுத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"வீரணன், கடையில கழிச்சு விட்டா நல்ல ஆளுன்னு அர்த்தம். இங்க கழிச்சு விட்டா, இந்த ஆள்கிட்ட இதுக்கு மேல தேறாதுன்னு அர்த்தம். உங்க கடன் வரலாத்துல 'முழுசா அடைச்சாரு'ன்னு வராது. 'கொறைச்சு வாங்கிக்கிட்டு முடிச்சோம்'னு வரும். வருசக்கணக்கா நிக்கும்."

அவர் கேட்டார்.

"அப்ப போட்டோ எதுக்கும்மா எடுத்தாக?"

முகாமில் அவரை உட்கார வைத்துப் பேசிய வசூல் அதிகாரியை வட்டார அலுவலகத்தில் போனில் பிடித்தேன். சின்னப் பையன், நல்ல பையன், உங்கள் வயதுதான். அவன் மேல் குற்றம் என்று சொல்லவும் முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"மேடம், அவருக்கு ஒரு லட்சம் மிச்சம். நமக்கு ஒரு கணக்கு முடிஞ்சது. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

"அவர் பையில முழுப் பணமும் இருந்துச்சு. தெரியுமா?"

"அவர் சொல்லலையே மேடம்."

"நீங்க கேட்டீங்களா?"

"எவ்வளவு முடியும்னு கேட்டேன் மேடம்."

"புதுக்கடன் ஏதாச்சும் வாங்கப் போறீங்களான்னு கேட்டீங்களா?"

அந்தக் கேள்வி அவனுடைய படிவத்தில் கிடையாது. கையெழுத்துப் போட்ட தாளில் கடன் வரலாறு பற்றி ஒரு வரி இருந்தது, ஆங்கிலத்தில். வீரணன் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சரி, ஒரு லட்சத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், இன்றே கட்டிச் சரிசெய்யப் பார்க்கலாம் என்றேன். அது இருந்தால்தானே. மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே உரக்கடைக்கு அறுபதாயிரம் கொடுத்துவிட்டார். அங்கேயிருந்து மைத்துனர் வீட்டுக்குப் போய் நாற்பது. கையில் காசு இருந்து கடன்காரர் வீட்டு வாசலைத் தாண்டிப் போவது அவருக்குத் தெரியாத வித்தை. தலையில் அடித்துக்கொண்டேன். வாங்கின கடனை அடைத்தார் என்பதற்காக ஒரு மனிதர் மேல் கோபப்படுகிற நிலை எந்தத் தொழிலிலாவது உண்டா?

கடன் கேட்டு விண்ணப்பம் போட்டுப் பார்த்தோம். இப்போதெல்லாம் மேலாளர் கையில் பேனா இருக்கிறது, அதிகாரம் இல்லை. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் எங்கோ இருக்கிற அலுவலகம் பார்த்துச் சொல்லும். நான் குறிப்பு எழுதினேன். இவர் ஓடிப்போகிறவர் இல்லை, செடி நிற்கிறது, நானே மலையேறிப் போய்ப் பார்த்தேன், ஆவணியில் காய் வரும், திருப்பிக் கட்டுவார் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நான் டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நிராகரிப்பு. காரணம், முந்தைய கடன் குறைத்து முடிக்கப்பட்டது. ஓ.டி. வாராக்கடனாக நின்ற காலத்தைக் கூட அவ்வளவாகப் பெரிதுபடுத்தவில்லை. எங்கள் வங்கி தள்ளுபடி செய்ததைத்தான் எங்கள் வங்கியே காரணமாகக் காட்டியது.

பாண்டியம்மா பெயரில் முயற்சி செய்தோம். அவர் நகைகள் ஏற்கனவே அடகில் இருந்தன, கணவர் விவரம் கேட்கிற கட்டத்தில் மறுபடியும் அதே சுவர். விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்க வந்த அன்று பாண்டியம்மா என்னிடம் நேராகவே கேட்டார்.

"அன்னிக்கு நீங்க இங்க இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது."

"எங்க போனீக?"

"மதுரைக்கு. மீட்டிங்கு."

"என்ன மீட்டிங்கு?"

"கடனை எப்படி வசூல் பண்றதுன்னு."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "அதுக்கு எங்ககிட்டக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. தள்ளுபடி செய்த லட்சத்தையும் கட்டிவிட்டால், முழுவதும் அடைக்கப்பட்டது என்று வரலாற்றைத் திருத்த வங்கியால் முடியும். இதை வீரணனிடம் சொன்னதும் அவர் உரக்கடைக்குப் போனார். உரக்கடைக்காரர் அவருக்குப் மாமன் மச்சான் முறை, மாப்ளே என்று கூப்பிடுகிறவர். பேங்க் வேண்டாம்னு சொன்ன காசக் கொண்டுபோய்க் கட்டப்போறியா, கிறுக்கா ஒனக்கு என்று கடையே கேட்கும்படி திட்டியிருக்கிறார். திட்டிக்கொண்டே கல்லாவைத் திறந்து அறுபதையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எழுதி வாங்கவில்லை. நாற்பதுக்காகப் பாண்டியம்மா தன் தம்பி வீட்டில் போய் நின்றார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று அவர் சொல்லவில்லை. பணம் வந்துவிட்டது.

மஞ்சள் பையோடு வீரணன் கவுண்டருக்கு வந்தார். காசாளர் என்னைப் பார்த்தார்.

"மேடம், அந்தக் கணக்கே மூடியாச்சு. எதுல வரவு வைக்கிறது?"

"வாங்கிக்கங்க சார்," என்றார் வீரணன், "ரசீது கூட அப்புறமாக் குடுங்க."

வங்கிக் கவுண்டரில் கடன் கேட்டுக் கெஞ்சுகிறவர்களை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். பணத்தை வாங்கிக்கொள்ளும்படி ஒரு ஆள் கெஞ்சியதை நான் அன்றுதான் பார்த்தேன். மூடிய கணக்கைத் திறக்க வட்டார அலுவலகம் அனுமதி தர வேண்டும். கேட்டேன். மன்னித்த கடனை எப்படி வாங்குவது, தணிக்கையில் கேள்வி வரும் என்றார்கள். வாங்காவிட்டால் இந்த ஆள் பிழைப்பு போய்விடும் என்றேன். எழுத்தில் கேளுங்கள் என்றார்கள். எழுத்தில் கேட்டேன். வாடிக்கையாளர் தானாக விரும்பிக் கட்டுவதாக உறுதிமொழி வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். அந்த உறுதிமொழி முத்திரைத்தாளில் இல்லை என்று திரும்பி வந்தது. கடனை வாங்கும்போது கூட அந்த மனிதர் இத்தனை கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இதற்குள் ஆனி போய் ஆடி பிறந்துவிட்டது.

தோமாச்சனிடம் நானே பேசினேன். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர்தான்.

"மேடம், வீரணன் நல்ல ஆளாணு. எனிக்குத் தெரியும். பக்ஷே எனிக்கும் பேங்க்ல கட்டணும். நான் தவணை தெற்றினா என்ட பேரும் கெடும் இல்லே? ஆடி முடியும் வரை பொறுத்து நிக்கலாம். அது கழிஞ்சா பற்றில்ல, முடியாது."

அவருக்கும் ஒரு கடன், அவருக்கும் ஒரு கெடு. என்னால் அவரைத் தப்பு சொல்ல முடியவில்லை. வேறு ஒரு வங்கியில் என் மாதிரி ஒரு மேலாளர், முழுவதும் கட்டுங்கள், பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவருக்கும் சொல்லியிருப்பார்.

ஆடிக் கடைசி வாரத்தில் கிளையில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். மூத்த ஊழியர், கெட்டவர் இல்லை. பாண்டியம்மாவின் தங்கை பெயரில் கோழிப்பண்ணைக் கடன் போடலாம், அவருக்கு எந்தக் கடன் வரலாறும் இல்லை, பணத்தை இவர்கள் எடுத்துக் குத்தகை கட்டிக்கொள்ளட்டும், தையில் அடைத்துவிடுவார்கள் என்றார். அடைத்துவிடுவார்கள் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கோழி இல்லை, பண்ணை இல்லை. மழை கூடிப் போய்க் காய் அழுகிவிட்டால், ஒன்றுமே அறியாத ஒரு மூன்றாவது பெண்ணின் பெயரும் சேர்ந்து கெடும். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னேன். சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஆடி முடிந்தது. போடியிலிருந்து ஒரு வியாபாரி ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்துத் தோட்டத்தை எடுத்துக்கொண்டார். ஆவணி முதல் வாரம் வட்டார அலுவலகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. தள்ளுபடித் தொகையை ஏற்றுக்கொள்ள ஆட்சேபம் இல்லையாம்.

வீரணனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "தோட்டம் போயிருச்சு. இனி இதக் கட்டித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல. உரக்கடைக்கும் மச்சினனுக்குமே திருப்பிக் குடுத்துரலாம்."

"இம்புட்டு நாளு வீட்டுல வச்சிருந்ததே பெருசும்மா. கட்டிப்போட்ருங்க. வெரசா முடிங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்றார். கட்டினார். இந்த முறை லட்டு இல்லை, போட்டோவும் இல்லை. கணக்கு முழுவதும் அடைக்கப்பட்டது என்று கடிதம் கொடுத்தேன். அவர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது என்ன? சட்டதிட்டங்களை உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். தள்ளுபடி என்ற வார்த்தையை வாயில் எடுக்கும் முன்னால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம், இதற்கப்புறம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இனி எந்த வங்கிக்கும் போக மாட்டேன், ஆளை விட்டால் போதும் என்கிறவருக்குத் தாராளமாகக் குறைத்துக் கொடுங்கள், அவருக்கு அது உதவிதான். நாளைக்கே கடன் கேட்டு வரப்போகிறவருக்கு அதே உதவி கழுத்தில் கல்லைக் கட்டுவது. எவ்வளவு முடியும் என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகிறது, எதற்காக அடைக்கிறீர்கள் என்று கேட்பதற்கு இன்னொரு நிமிடம். அந்த இரண்டாவது நிமிடத்துக்கு எந்த அலுவலகத்திலும் இலக்கு வைக்க மாட்டார்கள். நீங்களாகத்தான் ஒதுக்க வேண்டும். நீட்டுகிற தாள் அவருடைய ஊரில், அவருடைய கடையில் என்ன பொருள் தரும் என்பதையும் தெரிந்துகொண்டு நீட்டுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருக்கிறோமே என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

நான் புரட்டாசியில் ஓய்வு பெற்றேன். ஐப்பசியில் மலையில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது, பஸ் போடிமெட்டில் நின்றது. டீக்கடை ஓரமாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நின்றிருந்தன. ஒன்றிலிருந்து வீரணன் இறங்கி வந்தார், பின்னால் பாண்டியம்மா. இடுப்பில் காய் எடுக்கிற பை கட்டியிருந்தார்கள்.

"எங்க வேலை?" என்று கேட்டேன்.

"அதே தோட்டந்தாம்மா. புது ஆளு எங்களத்தான் கூப்புட்டாரு. நாங்க வச்ச செடி, எது எங்க நிக்குதுன்னு எங்களுக்குத்தான தெரியும். கூலி ஒழுங்காக் குடுக்குறாரு."

"காய் எப்படி?"

"நல்லாப் பிடிச்சிருக்கு. மொதக் காய் இம்புட்டு வரும்னு நாங்களே நெனைக்கல."

வீரணன் போனை எடுத்து நீட்டினார். மகன் அதில் அவருடைய கடன் வரலாற்றைத் திறந்து வைத்திருக்கிறான். ஓ.டி. கணக்கு, முழுவதும் அடைக்கப்பட்டது, பாக்கி இல்லை.

"சுத்தமாயிருச்சாம்மா. பையன் பாத்துச் சொன்னான். இப்பப் போயிக் கேட்டா லோன் குடுப்பாகளா?"

"குடுப்பாங்க," என்றேன். "உங்களுக்கு இனிமே தாராளமாக் குடுப்பாங்க."

வீரணன் பாண்டியம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஜீப்புக்காரர் ஹாரன் அடித்தார். பாண்டியம்மா ஏறுபடியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"லோன வாங்கி எங்கிட்டுப் போயி நடுறதும்மா?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.